எதிர்க் கட்டிலின் ஊசி

முதலில் என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன்.

பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் வெள்ளைச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு. தையல் வேலை செய்கிறவளுக்கு இது புதிதல்ல. ஊசி குத்தியிருக்கும் என்று விரல்களை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் காயம் இல்லை. திரும்பவும் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சற்று முன் இருமியிருந்தேன்.

துணியை உப்புத் தண்ணீரில் போட்டேன். கறை போய்விட்டது. விஷயமும் அதோடு போய்விட்டதாக வைத்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு இப்படி வைத்துக்கொள்வது பழக்கமாக இருக்கும். சாயங்காலம் மட்டும் வருகிற காய்ச்சலை வெயில் என்று வைத்துக்கொள்வது. ரவிக்கை தளர்ந்து போவதைத் துணியின் குற்றம் என்று வைத்துக்கொள்வது. காஜா பெராங்கில் எங்களுக்கு அடுத்த வீடு, பழைய தமிழ் வணிகர் வழியில் வந்த ஒரு மலாக்காச் செட்டி அம்மாளுடையது. தமிழ் பேச வராது. விரதம் மட்டும் என்னைவிட ஒழுங்காகப் பிடிப்பார். அவர்தான் ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மலாயில் சொன்னார்: "உன் இருமல் என் கோழிகளை எழுப்புது. போய் யார்கிட்டயாவது காட்டு."

காட்டினேன். நெஞ்சை எக்ஸ்ரே (உடம்பின் உட்புறத்தைக் காட்டும் நிழற்படம்) எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, இடப்பக்கத்து மேல் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கேவிட்டி (நுரையீரலைக் கிருமி அரித்துத் தின்ற குழி). கறுப்பாக, வட்டமாக, ஓரம் தைக்காத பொத்தான் துளை போல இருந்தது. எத்தனையோ துளைகளுக்கு நூல் சுற்றி ஓரம் கட்டியவள் நான். இதற்கு எந்த நூலைக் கோப்பது என்று தெரியவில்லை.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எனக்குக் காசநோய் வந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பத்து பெரெண்டாம் போகிற சாலையில், ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி போட்டு நன்கொடையில் நடத்திய சின்ன இடம். இப்போது அது இல்லை. பெண்கள் வார்டு ஒரு நீளமான பலகைக் கட்டடம், மேலே தகரம். மழை பிடித்தால் யார் பேசுவதும் கேட்காது, யார் இருமுவதும் கேட்காது. அதனாலேயே எங்களுக்கு மழை பிடித்திருந்தது.

என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று என் கணவர் கட்டிலுக்கடியில் பெட்டியைத் தள்ளிவிட்டு நின்றார். பஸ் கம்பெனியில் செக்கர் வேலை. டிக்கெட் எடுக்காதவனை அதட்டுகிற குரல் அவருடையது. அன்று அது எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

"நடந்து வந்திருக்கே. நடந்தே வீட்டுக்கு வரணும், பாக்கியம். தூக்கிட்டுப் போற வேலையெல்லாம் எனக்கு வைக்காதே."

"நீங்க தூக்கினாலும் தூக்குவீங்க, பாதி வழில இறக்கி வச்சு டிக்கெட் எங்கேன்னு கேப்பீங்க."

சிரித்தார். மீசை மட்டும் நடுங்கியது.

உயிர் பிழைப்பது என்ற பெரிய வார்த்தை அப்போது எனக்கு வரவே இல்லை. என் வாசல் வரைக்கும் என் காலால் நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தினமும் விடியற்காலையில் ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசியை இடுப்பில் போடுவார்கள். பகலில் பாஸ் என்ற பெரிய பெரிய மாத்திரைகள் (ஊசிக்குத் துணை மருந்து, வயிற்றைப் புரட்டும்). மீதி நேரமெல்லாம் படுத்திருக்க வேண்டும். படுத்திருப்பதுதான் பாதி வைத்தியம் என்றார்கள். எனக்கு அதுதான் முழுத் தண்டனை. கை சும்மா கிடந்தால் மனம் தைக்க ஆரம்பித்துவிடும். கூரையின் தகர வரிகளைச் சேலை மடிப்பாக்கினேன். பக்கத்துக் கட்டில்காரியின் மூச்சுக்கு அளவெடுத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வந்தாள்.

"பசியாறினியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் கட்டிலருகே நின்றாள். ஜன்னல் வழியாக வெயில் விழுகிற பக்கத்தைப் பார்த்தாள். கையை நீட்டிக் கிழக்கு எது என்று நிதானித்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏண்டி, உன் தலைமாடு வடக்கால இருக்கு."

"இது ஆஸ்பத்திரி, அக்கா."

"ஆஸ்பத்திரின்னா எமனுக்கு லீவா? உசுரோட இருக்கிறவ எவளாச்சும் வடக்கத் தலை வச்சுப் படுப்பாளா?"

"சத்தம் போடாதே. மேட்ரன் பாக்குறாங்க."

"பாக்கட்டும்லா. அந்தம்மாவை இப்படிப் படுக்கச் சொல்லு, பாப்போம்."

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. அக்கா போனதும் சிரித்துக்கொண்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை, அடுத்த இரவும் வரவில்லை. தலைக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் வடக்கு. அது ஊர் ஊராகக் கடல் கடலாக நீண்டு போய்க்கொண்டே இருந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கும் பிடரி என்று ஒன்று இருக்கிறது.

வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை. என் வரிசையின் தலைமாடு வடக்குச் சுவரில், எதிர் வரிசையின் தலைமாடு தெற்குச் சுவரில், இடையில் நடக்கிற வழி. வாசற்கதவு வடக்குச் சுவரில், என் கட்டிலை ஒட்டி. கட்டிலிலேயே திரும்பிப் படுத்துக்கொள்ளலாம் என்றால் மேட்ரன் (தலைமைத் தாதி) விடமாட்டார். இருமினால் கிருமி நடுவழியில் பரவும், தலை சுவர்ப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பார்.

வழி சொன்னவர் வார்டு ஆயா. "இதுக்கா இப்படி முழிச்சிக்கிட்டுக் கெடக்குறீங்க? உங்க பக்கத்துத் தமிழ்ப் பொம்பளைங்க எல்லாரும் விளக்கணைஞ்சதும் எதிர்ப் பக்கம் ஆள் பாத்து மாத்திக்குவாங்க. காலைல மணி அடிச்சா அவங்கவங்க கட்டிலுக்கு ஓடியாந்துரணும், அவ்வளவுதான். எதிர்ல பிபிக் இருக்காங்கல்ல, அவங்களும் தூக்கமில்லாமதான் பொரளுறாங்க. கேட்டுப் பாருங்க."

பிபிக் கியோக் தெங்கேராவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற சீனக் குடும்பத்து நோன்யா. (மூத்த நோன்யாப் பெண்களை 'பிபிக்' என்று மரியாதையாக அழைப்போம்.) சீனம் பேச வராது, வீட்டிலேயே மலாய்தான். அவருக்கு வேறு பயம். அவர் கட்டில் கதவுக்கு நேர் எதிரே கிடந்தது. படுத்தால் பாதம் இரண்டும் கதவைப் பார்க்கும். அவர்கள் வீடுகளில் அப்படிப் படுப்பது பிணம் மட்டும்தான். கால் முன்னே போகத்தான் வெளியே எடுப்பார்களாம்.

நாங்கள் மலாயில் பேசி முடித்தோம்.

"உன் வடக்கு என்னைக் கடிக்குமா, தங்காச்சி?"

"கடிக்காது, பிபிக். உங்க கதவு என்னைக் கடிக்குமா?"

"உன் காலைப் பாத்தா கதவே சாத்திக்கும்."

ஒருத்தியின் பயம் இன்னொருத்திக்கு வெறும் இரும்புக் கட்டில். அன்று இருவரும் நன்றாகத் தூங்கினோம்.

இந்த மாற்றத்தால் அதுவரை யாருக்கும் கேடு வந்ததில்லை. விடியல் ஊசிக்கு இரண்டு மிஸ்ஸிகள் (தாதிகளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வருவார்கள். கொசுவலையைத் தூக்கி, விளக்கைக் காட்டி, பெயர் சொல்லி எழுப்பித்தான் குத்துவார்கள். யார் எங்கே படுத்திருந்தாலும் மருந்து ஆளைத் தேடி வந்துவிடும்.

பிறகு வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். பழைய மேட்ரன் கப்பலேறினார். மிஸ்ஸிகளில் ஒருத்தி கல்யாணமாகிப் போனாள், இன்னொருத்தி பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். கமிட்டி இருவருக்கும் பதிலாக ஒருத்தியைத்தான் எடுத்தது. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கமே இந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், அதுவரை ஓட்டிவிடலாம் என்று பேச்சு. ஆண்கள் வார்டுக்கும் எங்களுக்கும் சேர்த்து இரவு முழுக்க ஒரே மிஸ்ஸி. சின்னப் பெண், புதியவள். பகல் ஆட்கள் வருமுன் இரண்டு வார்டிலும் ஊசியை முடித்தாக வேண்டும். பெயர் கேட்க அவளுக்கு நேரமில்லை. கட்டில் கம்பியில் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்ப்பாள், வலையை இடுப்பளவுக்குத் தூக்குவாள், பஞ்சு, ஊசி, அடுத்த கட்டில்.

நாங்களும் பாதித் தூக்கத்தில் இடுப்பைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.

சில வாரங்களில் என் காதுக்குள் ஒரு சத்தம் குடியேறியது. பால் கொதிக்குமுன் பாத்திரத்தின் ஓரத்தில் மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுமே, அது. ஆனால் கொதிக்கவே கொதிக்காத பால். பிறகு எழுந்து நிற்கும்போது தரையும் கூட எழுந்தது.

டாக்டர் வாரத்தில் இரண்டு தடவை ஊரிலிருந்து வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர், எப்போதும் அவசரம்.

"என்னம்மா, காதுக்க இரையுதோ?"

"ஆமா டாக்டர். தலையும் சுத்துது."

கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தார். புதிய மேட்ரனிடம் திரும்பி ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். என்னிடம், "பயப்பிடாதேங்கோ, சரி வரும்" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பதாம் கட்டிலுக்கு ஊசியை இன்றோடு நிறுத்துங்கள். இந்த மருந்து சிலருக்குக் காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பை (உடம்பு சாயாமல் நிற்கச் செய்யும் பாகம்) அழித்துவிடும். அழிந்தது திரும்பாது.

என் மொழி பேசிய டாக்டர் அவர் ஒருவர்தான். அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் என் மொழியில் சொல்லவில்லை.

ஒன்பது என் கட்டில். விடியற்காலையில் அதில் படுத்திருந்தவர் பிபிக்.

அடுத்த வாரம் பிபிக்கின் மருமகள் ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு வந்தாள். பச்சை உருண்டைகள், மேலே தேங்காய்ப்பூ, கடித்தால் உள்ளேயிருந்து தென்னை வெல்லம் பாயும். பிபிக் கட்டில் கட்டிலாக அனுப்பினார்.

"எனக்கு ஊசி நின்னுபோச்சு, தங்காச்சி! குத்துறதே இல்ல. நோய் தோத்து ஓடிப்போச்சு."

"எனக்கு மட்டும் இன்னும் குத்துறாங்களே, பிபிக்."

"நீ ஒல்லி. உன் கிருமிக்கு ஒளிய இடமில்ல, அதான் கோவமா இருக்கு. தின்னு."

இரண்டு தின்றேன். வெல்லம் முழங்கை வரை வழிந்தது. நல்ல செய்தியை யாரும் விசாரிப்பதில்லை. யார் நிறுத்தினார்கள், ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு வர வேண்டிய மருந்து தினமும் எனக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வந்த நிம்மதி அவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகஸ்டு மாதம் வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். புதிய கொடிகளைக் காகிதத்தில் வெட்டிக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். சுதந்திரத்தை ஒட்டிப் பெரிய மனிதர்கள் பார்வையிட வருவார்கள் என்றார்கள். அன்று கடும் புழுக்கம், ஜன்னலுக்கு வெளியே ஓர் இலை அசையவில்லை. நான் குளியலறைக்குப் போக எழுந்து நடந்தேன்.

கொடிகள் துள்ளின.

நின்றேன், அவையும் நின்றன. ஓர் எட்டு வைத்தேன், துள்ளின. காற்றே இல்லாத கட்டடத்தில் வரப்போகிற நாட்டின் கொடிகள் அத்தனையும் என் காலடிக்குக் குதித்துக்கொண்டிருந்தன. பிபிக்கின் முகத்தைப் பார்த்தேன். அதுவும் குதித்தது.

குளியலறையில் கண்ணை மூடி முகத்தில் ஒரு மங்குத் தண்ணீர் ஊற்றினேன். அடுத்து நினைவில் இருப்பது கன்னத்தில் சிமெண்டின் குளிர்.

மறுநாள் டாக்டர் வந்தார். வீங்கின கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் சுத்துதோ? ஊசி நிப்பாட்டிக் கனநாளாச்சே."

"யாருக்கு நிப்பாட்டினீங்க? இன்னைக்கு விடியக்காலைல கூட வந்து குத்திட்டுப் போனாங்க, டாக்டர்."

அவர் கட்டில் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ராவில எங்கயம்மா படுக்கிறனீங்கள்?"

நான் எதிர்ப் பக்கம் கையைக் காட்டினேன். நடுவழியில் ஆயாவின் துடைப்பம் நின்றுவிட்டது. எதிர்க் கட்டிலில் பிபிக் உட்கார்ந்து, டாக்டர் தன்னைத்தான் பார்க்கிறார் என்று சந்தோஷமாகக் கையசைத்தார்.

"ஐயோ" என்றார் டாக்டர். டாக்டர்கள் ஐயோ சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை. பிறகு என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "உங்களிட்ட நான் நேர சொல்லியிருக்க வேணும். வேற ஒண்டும் சொல்ல எனக்கு இல்லை."

கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒன்று போட்டார்கள். கேள்வி கேட்டவர் நம்மவர், ஊரில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் கடைத் துணியை நான் தைத்திருக்கிறேன்.

"படுக்கையை மாத்திக்கிட்டது நீங்கதானே, அம்மா?"

"வார்டே மாத்திக்கிட்டுதாங்க. நான் வர்றதுக்கு முந்தியே."

"நாடு சுதந்திரம் வாங்குற நேரம். வெள்ளைக்காரன் சிரிக்க மாட்டானா? இன்னும் வடக்கு தெக்குன்னு..."

"முதலாளி, உங்க வீட்டுல உங்க கட்டில் எந்தப் பக்கம் பாத்துக் கெடக்கு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த சீனத் தௌக்கே (முதலாளி) அந்தம்மா என்ன கேட்டாள் என்றார். யாரோ மலாயில் சொன்னார்கள். அவரும் குனிந்து தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

நான் ஒன்றுதான் கேட்டேன். குத்துவதற்குமுன் பெயர் கேட்கச் சொல்லுங்கள், அதற்கு நேரம் வேண்டும், இன்னொரு மிஸ்ஸியை வையுங்கள். பார்க்கலாம் என்றார்கள். இரண்டு காரியம் பார்த்தார்கள். படுக்கை மாற்றக் கூடாது என்று பல மொழிகளில் பெயிண்டில் எழுதி மாட்டினார்கள். அந்த வாசம் பிபிக்குக்கு இருமலை இழுத்தது. பிறகு அந்தச் சின்ன மிஸ்ஸியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இருந்தவள் அவள் ஒருத்தி. அடுத்த சில இரவுகள் வார்டில் ஆயா மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

போகுமுன் அந்தப் பெண் என் கட்டிலுக்கு வந்தாள். வெகு நேரம் என்னைப் பார்த்தபடி நின்றாள். "உங்க முகம் எனக்கு இப்பத்தான் தெரியுது, காக்கா" என்று மலாயில் சொன்னாள். என்னை அக்கா என்கிறாள். நானும் அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

யாருடைய குற்றம் என்று இன்றும் கேட்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், படுத்தால் விடுவதில்லை. வடக்கா, கதவா, டாக்டரின் அவசரமா, கம்பியில் எழுதின எண்ணா, இன்னொரு மிஸ்ஸிக்கு இல்லாத பணத்தில் வெள்ளையடித்த சுண்ணாம்பா? தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நூலிழை கனம்தான். எதை இழுத்தாலும் துணி முழுதும் சுருங்குகிறது.

சுதந்திரம் வந்த நாளில் வராந்தாவில் வானொலிப் பெட்டியை வைத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் நுரையீரலின் குழி மெல்ல மூடியது. ஊசி இல்லாமல், மாத்திரையிலும் படுக்கையிலும். பிபிக்குக்கு, எனக்கு எதிர்ப் பக்கமாக, வலது நுரையீரலில் புதிதாக ஒரு குழி விழுந்திருந்தது. துணை மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். இந்த முறை தமிழில், மெதுவாக, என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தடவை சொன்னார். பிபிக்குக்கு மலாயில் சொன்னார். பிபிக்கைச் சிங்கப்பூருக்கு அனுப்ப முடிவாயிற்று. தொராகோபிளாஸ்டி (விலா எலும்புகளை எடுத்து நோயுள்ள நுரையீரலைச் சுருங்கச் செய்யும் அறுவை) செய்ய வேண்டும்.

அவரை ஏற்றிப்போக ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்குகிறவர்கள் வெளியாட்கள். பிபிக்கைக் கிடத்தி, கால் முன்னே இருக்கக் கதவை நோக்கிக் கிளம்பினார்கள். பிபிக்குக்குப் பேச மூச்சு இல்லை. துணியின் விளிம்பை இறுகப் பிடித்த கை மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்தேன். கொடியெல்லாம் கழற்றியாகிவிட்டது, ஆனால் சுவர் துள்ளியது. கம்பி கம்பியாகப் பிடித்துப் போய்க் கதவில் குறுக்கே நின்றேன். "திருப்புங்க. தலை முன்னால போகட்டும்."

"என்னம்மா இது, வண்டி காத்துக்கிட்டு இருக்கு!"

"இருக்கட்டும். திருப்புங்க."

குறுகலான வழி. இரண்டு கட்டில்களை நகர்த்தித்தான் திருப்ப முடிந்தது. முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்கள். தலை முன்னே போக, என்னைக் கடக்கும்போது பிபிக் ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

நானும் பிற்பாடு வீட்டுக்குப் போனேன், நடந்துதான். பஸ்ஸை விட்டு இறங்கி வாசல் வரை, கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. இதை நடந்ததாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "டிக்கெட் சரியா இருக்கு, ஏறிப் போ" என்றார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஊசியோடு வருகிறவர் கேட்காவிட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பாதித் தூக்கத்திலும் சொல்லுங்கள். காது இரைந்தால் அன்றே சொல்லுங்கள். எதையாவது நிறுத்தினால் ஏன் என்று கேளுங்கள், அது நல்ல செய்தியாக இருந்தாலும் கேளுங்கள். உங்கள் பயம் எதுவோ அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் அது வேறு யாருடைய கட்டிலிலாவது போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்போது என் உடம்பு நிற்பது கண்ணால். உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். நடக்கும்போது கடைப் பலகையில் ஓர் எழுத்தைப் படிக்க முடியாது, நின்றுதான் படிக்க வேண்டும். எதிரே வருகிறவர் யார் என்று தெரிய நின்றாக வேண்டும். ஊரில் எனக்குத் தலைக்கனம் என்று சிலர் சொல்வதாகக் கேள்வி. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒரு கை சுவரில் இருக்கும். கோயிலில் எல்லோரும் கண்மூடிக் கும்பிடும் நேரம் நான் மட்டும் கண் திறந்து கும்பிடுகிறேன். மூடினால் விழுந்துவிடுவேன். சாமியும் நானும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறோம்.

பொழுதும் மாறிவிட்டது. எனக்கு நாள் என்பது வெளிச்சம் இருக்கிற அளவு. அந்தி சாயும்போது தெருவில் மற்றவர்கள் நடை தொடங்குகிறார்கள். நான் வாசற்படியைத் தேடுகிறேன்.

போன மாதம் தெங்கேராவுக்குப் போனோம். பிபிக் இருக்கிறார். ஒரு தோள் உள்ளே சரிந்து, கபாயாச் சட்டை ஒரு பக்கம் தொங்கியது. கண் பார்த்ததுமே மனத்தில் அதைப் பிடித்துத் தைத்தேன். அளவு எடுத்துத் தருகிறேன் என்றேன். "எந்த அளவு? பாதியைச் சிங்கப்பூர்லயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு எடுத்தார்.

என் கணவரை முன்கூடத்தில் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு, "வா, என் கட்டிலைக் காட்டுறேன். கால் எந்தப் பக்கம்னு பாரு" என்றார்.

தெங்கேரா வீடுகள் உங்களுக்குத் தெரியும். முன்னே ஒரு ஜன்னல் அகலம், பின்னே நீண்டு போய்க்கொண்டே இருக்கும். கூடத்தைத் தாண்டினால் ஓர் இருட்டு நடை, அதன் கடைசியில்தான் முற்றத்து வெளிச்சம். அந்த நடையின் வாயிலில் நான் நின்றுவிட்டேன். இருட்டுக்குள் தரை எங்கே என்று என் காலுக்குத் தெரியவில்லை.

பிபிக் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். பழைய காகிதம் போன்ற கை.

நடந்தோம். சில அடிகளில் அவர் நின்றார், மூச்சுக்காக. நானும் நின்றேன். மேல்மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"அந்தச் சத்தம்... காதுல... இன்னும் இருக்கா?"

"இருக்கு, பிபிக்."

"அது என் ஊசி." மூச்சு. "எனக்கு வந்தது." மூச்சு. "பத்திரமா வச்சிக்க."

அவர் சிரிக்கிறாரா என்று பார்க்க முடியவில்லை. எனக்கு வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை, கதவும் இல்லை. அவர் கை மட்டும் இருந்தது. அது மறுபடி இழுத்தபோது ஓர் எட்டு வைத்தேன். நின்றபோது நின்றேன்.